பழைய டிவி கேமை மறுபடி ஆட: எமுலேட்டர் போதுமா, பெட்டியே வேண்டுமா?

கான்ட்ரா, மரியோ, டாங்க், ரோடு ஃபைட்டர், சர்க்கஸ். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் கோடை விடுமுறையைக் கழித்த யாரிடமாவது ‘டிவி கேம்’ என்று சொல்லிப் பாருங்கள். இவற்றில் இரண்டு மூன்று பெயராவது உடனே வரும். எல்லாமே ஒரே இயந்திரத்தில் ஓடியவை. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென்னுக்கு விற்பனைக்கு விட்ட ஃபேமிகாம்தான் அது. 1985இல் அமெரிக்காவுக்குப் போனபோது சாம்பல் நிறப் பெட்டியாக உருமாறி, என்.இ.எஸ். என்று பெயர் வைத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து உலகம் முழுக்க 6 கோடிக்கும் மேல் விற்றன.

அந்த 6 கோடியில் நம் தெருவுக்கு வந்தவை மிகக் குறைவு. நமக்குக் கிடைத்தது தைவானிலும் சீனாவிலும் தயாரான நகல் பெட்டி. உள்ளே நின்டெண்டோவின் சில்லுகள் (சிப்) கிடையாது, யூ.எம்.சி. என்ற தைவான் நிறுவனமும் வேறு சிலரும் அவற்றைப் பார்த்துச் செய்த சில்லுகள் இருந்தன. கேசட்டும் பெரும்பாலும் நகல்தான். ரஷ்யாவிலும் இதே கதை. 1992இல் ‘டெண்டி’ என்ற பெயரில் அங்கே வந்த நகல் பெட்டியைத்தான் ஒரு தலைமுறையே ஆடி வளர்ந்தது. டெண்டி என்ற பெயரை மறக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. எமுலேட்டரா (பழைய இயந்திரத்தைக் கணினியிலோ போனிலோ நடித்துக்காட்டும் மென்பொருள்), அசல் பெட்டியா என்று ஆங்கிலத்தில் நடக்கும் வாதங்களில் அசல் என்றால் நின்டெண்டோவின் பெட்டி. அதைப் படித்துவிட்டு ஜப்பானிலிருந்து ஒரு ஃபேமிகாமை வரவழைப்பவர், ஆட்டத்தைப் போட்டதும் ‘நான் ஆடியது இப்படி இருக்காதே’ என்று விழிப்பார். விழிக்கத்தான் வேண்டும். சின்ன வயதில் அவர் ஆடியது அநேகமாக வேறு வேகத்தில் ஓடியது, வேறு குரலில் பாடியது. ஆகவே பர்ஸைத் திறக்கும் முன் உங்களுக்கு வேண்டியது எது என்று முடிவு செய்யுங்கள். ஆட்டத்தைச் செய்தவர்கள் நினைத்த வடிவமா? உங்கள் வீட்டு டிவியில் ஓடிய வடிவமா? இல்லை, கேசட்டை அழுத்திச் செருகி, சுவிட்சைத் தள்ளும் அந்தக் கைவேலையா? முதல் இரண்டுக்கும் எமுலேட்டர் போதும். மூன்றாவதற்கு மட்டும்தான் பெட்டி வேண்டும்.

வாங்கும் வரிசையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் எமுலேட்டர், அடுத்து ஒரு நல்ல ஜாய்ஸ்டிக், அதற்கப்புறம் பழைய டியூப் டிவி, கடைசியில் பெட்டி. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

எமுலேட்டரை நிறுவுவது

எமுலேட்டர் என்பது பழைய இயந்திரத்தின் சில்லுகள் செய்த வேலையை மென்பொருளாகச் செய்துகாட்டும் நிரல். ஃபேமிகாமின் மூளையான ரிகோ 2ஏ03 சில்லு ஓடியது 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில். அதற்கிருந்த வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். இதைச் செய்துகாட்டப் பத்து வருடப் பழைய லேப்டாப்பே தாராளம். புதுக் கணினி வாங்கச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கணினியில் மெசன் என்ற எமுலேட்டரைப் போடுங்கள். துல்லியத்துக்குப் பெயர் வாங்கியது. நமக்கு வேண்டிய விசித்திரமான அமைப்புகளும் அதில் இருக்கின்றன. கணினி மிகப் பழையது என்றால் எஃப்.சி.இ.யு.எக்ஸ். போதும். ஆண்ட்ராய்டு போனில் ரெட்ரோஆர்க் போடலாம், பிளே ஸ்டோரிலேயே கிடைக்கும். ரெட்ரோஆர்க்கை நிறுவினால் மட்டும் ஆட்டம் ஓடாது. உள்ளே போய் ‘கோர்’ ஒன்றை இறக்க வேண்டும். ஒவ்வொரு பழைய இயந்திரத்துக்கும் தனித்தனிக் கோர். நெஸ்டோபியா என்ற கோரை இறக்கிக்கொள்ளுங்கள். ரெட்ரோஆர்க்கின் மெனு முதல் நாள் தலைசுற்ற வைக்கும். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்காதீர்கள், தேவையானதை மட்டும் மாற்றுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நெடுநாள் வழியே இல்லாமல் இருந்தது. 2024 ஏப்ரலில் ஆப்பிள் தன் விதியைத் தளர்த்திய பிறகு டெல்டா என்ற செயலி வந்தது.

இவை எல்லாமே இலவசம். அந்தந்தத் திட்டத்தின் சொந்தப் பக்கத்திலிருந்தோ, போனின் கடையிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். ‘ஆயிரம் கேமோடு எமுலேட்டர்’ என்று ஒரே கோப்பாகத் தருபவர்கள் வேறு எதையும் சேர்த்துத் தரக்கூடும். ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும்: முதல் சூப்பர் மரியோ ஆட்டம் முழுதும் 40 கிலோபைட், கான்ட்ரா 128 கிலோபைட். கான்ட்ரா என்ற பெயரில் 30 மெகாபைட்டில் ஒரு நிரல் வந்தால் அதைத் திறக்காதீர்கள்.

ஆட்டக் கோப்பு எங்கிருந்து?

எமுலேட்டரை எழுதுவதும் பயன்படுத்துவதும் குற்றமில்லை. சோனிக்கும், அதன் பிளேஸ்டேஷனுக்கு எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், எமுலேட்டர் செய்வதற்காக இயந்திரத்தின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தது நியாயமான பயன்பாடே என்று சொல்லிவிட்டது. சிக்கல் ஆட்டத்தில் இருக்கிறது. ரோம் கோப்பு எனப்படும் ஆட்டத்தின் பிரதிக்குப் பதிப்புரிமை உண்டு. கண்ட தளத்திலிருந்து இறக்குவது அந்த உரிமையை மீறுவதுதான். ‘கேசட் என்னிடம் இருக்கிறதே’ என்பார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, ஒரு கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் தன் பிரதியிலிருந்து காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. ஆனால் பஜாரில் வாங்கிய 99,99,999 கேம் கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘சட்டப்படி வைத்திருக்கிறேன்’ என்று சொல்ல நமக்கு வாய் வராது.

நேர்வழிகளும் இருக்கின்றன, எண்ணியதைவிட அதிகமாகவே. கொனாமி 2019இல் கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன் என்று ஒரு தொகுப்பை வெளியிட்டது. நாம் ஆடிய கான்ட்ரா அதில் இருக்கிறது. நாம் டாங்க் என்று கூப்பிட்ட ஆட்டம் நாம்கோவின் பேட்டில் சிட்டி, 1985இல் வந்தது. 2020இல் வெளியான நாம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸ் இரண்டாம் தொகுதியில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வந்தவை. தள்ளுபடிக் காலத்தில் விலை நன்றாக இறங்கும். இந்தத் தொகுப்புகளுக்குள் ஓடுவதும் எமுலேட்டர்தான் என்பதால், எமுலேட்டரைக் கேவலமாகப் பேசுபவர்களிடம் இதைச் சொல்லலாம்.

இன்னொரு வழி, இன்றைக்கும் இந்தப் பழைய இயந்திரத்துக்கென்று புதிதாக எழுதப்படும் ஆட்டங்கள். 2019இல் வந்த மைக்ரோ மேஜஸ் ஓர் அற்புதம்: நான்கு பேர் சேர்ந்து ஆடலாம், அத்தனையும் அதே 40 கிலோபைட்டுக்குள். விலை கொடுத்து வாங்கினால் ரோம் கோப்பையே கொடுக்கிறார்கள். நோவா த ஸ்க்விரல் இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. எமுலேட்டரைச் சோதிக்க இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

வேகத்தையும் ஒலியையும் நம் பெட்டிக்கு ஏற்ப மாற்றுவது

தமிழில் யாரும் சொல்லித்தராத பகுதி இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஜப்பான், அமெரிக்க டிவிகள் என்.டி.எஸ்.சி. முறையில் நொடிக்கு 60 படம் காட்டின. இந்தியாவிலும் இலங்கையிலும் ‘பால்’ (PAL) என்ற முறை. நொடிக்கு 50 படம். இன்றைய ஆட்டங்களில் இந்த வித்தியாசம் பெரிதில்லை. அந்தக் கால ஆட்டங்களில் எல்லாமே படத்தோடு கட்டப்பட்டிருந்தது: ஒரு படத்துக்கு மரியோ இத்தனை புள்ளி நகர வேண்டும், ஒரு படத்துக்குப் பாட்டு இத்தனை தூரம் போக வேண்டும் என்று. நொடிக்கு 60க்குப் பதில் 50 படம் என்றால் மொத்த ஆட்டமும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும்.

நின்டெண்டோ ஐரோப்பாவுக்காகச் செய்த பால் பெட்டியில் மூளையின் வேகத்தையும் 1.66 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தது. நகல் செய்தவர்கள் வேறு தந்திரம் செய்தார்கள். அவர்களிடம் இருந்தவை ஜப்பானிய ஆட்டங்களின் பிரதிகள். அவை உடையாமல் ஓட வேண்டும், பால் டிவியிலும் கலர் வர வேண்டும். ஆகவே படத்தை மட்டும் 50 ஆக்கிவிட்டு, மூளையை 1.77 மெகாஹெர்ட்ஸில், அதாவது ஜப்பானிய வேகத்துக்குப் பக்கத்திலேயே விட்டார்கள். விளைவு: பாட்டின் சுருதி இறங்கவில்லை, தாளம் மட்டும் தளர்ந்தது. பால் முறைக்கான யூ.எம்.சி. சில்லுகளைப் போட்ட பெட்டிகள் எல்லாம் இப்படித்தான். எமுலேட்டர் எழுதுபவர்கள் இந்தக் கலவைக்கு அந்த ரஷ்யப் பெட்டியின் பெயரையே வைத்துவிட்டார்கள்: டெண்டி.

எமுலேட்டரைத் திறந்தால் அது இயல்பாக 60இல்தான் ஓடும். நாற்பது வயதில் கான்ட்ராவைத் திறந்து, முதல் கட்டத்திலேயே மூன்று உயிரும் போய், ‘வயசாகிவிட்டது’ என்று மூடிவைத்தவர்கள் உண்டு. வயதும் காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் விரல் பழகியதைவிட ஆட்டம் ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மாற்றுவது எளிது. மெசனில் என்.இ.எஸ். அமைப்புகளைத் திறந்து ரீஜன் என்ற இடத்தில் டெண்டியைத் தேர்ந்தெடுங்கள். எஃப்.சி.இ.யு.எக்ஸ்.இல் கான்ஃபிக் மெனுவில் ரீஜன். ரெட்ரோஆர்க்கில் ஆட்டம் ஓடும்போது கோர் ஆப்ஷன்ஸுக்குள் சிஸ்டம் ரீஜன். மாற்றிவிட்டு மரியோவின் முதல் பாட்டைக் கேளுங்கள். சரியா தவறா என்று காது சொல்லிவிடும். ஒரு விதிவிலக்கு: உங்கள் வீட்டில் கலர் டிவி இருந்தும் கேம் மட்டும் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்ததா? அப்படியானால் உங்களுடையது என்.டி.எஸ்.சி. பெட்டியாக இருந்திருக்கலாம். உங்களுக்கு 60தான் சரி.

அடுத்தது ஒலி. இந்த இயந்திரத்தில் மெட்டு வாசிப்பவை இரண்டு சதுர அலைகள். அலையின் மேடு பள்ள விகிதத்தை மாற்றினால் குரல் மாறும்: 25 சதவீதத்தில் மெலிந்து கூர்மையாக ஒலிக்கும், 50இல் உருண்டு வரும். யூ.எம்.சி. சில்லுகளில் இந்த இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. ஆட்டத்தின் இசையமைப்பாளர் மெலிந்த குரலைக் கேட்ட இடத்தில் நமக்கு உருண்ட குரல் வந்தது. நாம் அதைத்தான் அசல் என்று நினைத்து வளர்ந்தோம். மெசனின் ஒலி அமைப்பில் சதுர அலைகளின் டியூட்டி சைக்கிளை, அதாவது அந்த மேடு பள்ள விகிதத்தை, இடம் மாற்றும் ஒரு கட்டம் இருக்கிறது, எஃப்.சி.இ.யு.எக்ஸ்.இலும் இருக்கிறது. அதை டிக் செய்யுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து வரவழைக்கும் எந்தப் பெட்டியைவிடவும் இந்த இரண்டு மாற்றங்கள் உங்கள் பழைய ஆட்டத்துக்கு அருகில் கொண்டுபோகும் என்பது என் துணிபு.

ஒரு சின்னத் தொல்லை வரும். லேப்டாப் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும். அதில் 50 படத்தை ஓட்டினால் பக்கவாட்டில் நகரும் காட்சிகள் லேசாகத் துள்ளும். வெளித் திரையோ டிவியோ இணைத்திருந்தால் காட்சி அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கிறதா பாருங்கள். பெரும்பாலான டிவிகள் ஏற்கும்.

படம்

இயந்திரம் தரும் படம் 256க்கு 240 புள்ளி. டிவி 4க்கு 3. அகலத் திரையை நிரப்ப இழுத்துவிடாதீர்கள், மரியோ குண்டாகிவிடுவார். கூர்மையான கட்டம் கட்டமான புள்ளிகள் கண்ணை உறுத்தினால் டியூப் டிவியின் தோற்றத்தைப் படத்துக்குக் கொடுக்கும் சி.ஆர்.டி. ஷேடர் ஒன்றைப் போடலாம். சாதாரணப் போனுக்கும் சின்னக் கணினிக்கும் ரெட்ரோஆர்க்கில் உள்ள சி.ஆர்.டி-பை போதும். உருவங்கள் நிறைய வரும்போது மினுக்குவது எமுலேட்டரின் கோளாறு அல்ல. படச் சில்லு ஒரு வரிசையில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் வரையாது. அதனால் ஆட்டம் எழுதியவர்கள் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். இந்த வரம்பை நீக்கும் வசதியும் எமுலேட்டரில் உண்டு. சில ஆட்டங்கள் உருவத்தை மறைக்க இந்த வரம்பையே பயன்படுத்தியிருப்பதால், எதற்கும் அதை அப்படியே விடுங்கள்.

பட்டனுக்கும் குதிக்கும் நேரத்துக்கும் நடுவே

எமுலேட்டரில் ஆடும்போது ‘ஏதோ ஒட்டவில்லை’ என்று தோன்றினால் காரணம் பெரும்பாலும் தாமதம். டியூப் டிவி சிக்னல் வர வர வரைந்துகொண்டே போகும். எல்.இ.டி. டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டும். அந்த மெருகை நிறுத்துவதுதான் முதல் வேலை: டிவி மெனுவில் கேம் மோடு. இரண்டாவது, ப்ளூடூத் ஸ்பீக்கர், ஹெட்போன் எதுவும் வேண்டாம், ஒலி பின்தங்கும். மூன்றாவது, வயருள்ள ஜாய்ஸ்டிக். இவ்வளவு செய்தும் திருப்தியில்லை என்றால் ரன்-அஹெட் என்ற வசதியை 1 என்று வையுங்கள். மெசனிலும் ரெட்ரோஆர்க்கிலும் இருக்கிறது. எமுலேட்டர் ஒரு படம் முன்னால் ஓடிப்பார்த்து, உங்கள் பட்டனின் விளைவை முன்கூட்டியே காட்டும். 1க்கு மேல் ஏற்றினால் பல ஆட்டங்களில் படம் குதிக்கத் தொடங்கும்.

தொடுதிரையில் ஆடாதீர்கள். விரலுக்குப் பட்டன் எங்கே என்று தெரியாமல் ரோடு ஃபைட்டர்கூட ஓட்ட முடியாது. யூ.எஸ்.பி. ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்குங்கள். 8பிட்டூ மாதிரி நிறுவனங்கள் பழைய வடிவிலேயே செய்கின்றன. மலிவானவற்றில் திசைப் பட்டன்தான் சொதப்பும்: வலது அழுத்தினால் ‘மேல்’ திசையும் சேர்ந்து விழும். சோதிக்க ஒரு வழி உண்டு. கான்ட்ராவின் தொடக்கத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, பிறகு ஸ்டார்ட். 30 உயிர் கிடைத்தால் ஜாய்ஸ்டிக் பிழைத்தது. நிதானமாக அழுத்தியும் திரும்பத் திரும்பத் தவறினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

பெட்டியே வேண்டும் என்பவர்களுக்கு

இப்போதும் ஆசை தீரவில்லையா? சரி, பரணில் ஏறுங்கள். பழைய பெட்டி கிடைத்தால் உடனே கரண்டில் செருகாதீர்கள்.

அடாப்டரிலிருந்து தொடங்குங்கள். நகல் பெட்டிகளில் 9 வோல்ட் டி.சி. என்பது வழக்கம், ஆனால் பிளஸ் நடுவிலா வெளியிலா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். பெட்டியின் அடியில் உள்ள படத்தைப் பார்த்து, மல்டிமீட்டரால் அடாப்டரைச் சோதியுங்கள். பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர் சும்மா இருக்கும்போது 12, 13 வோல்ட் காட்டினால் பயப்பட வேண்டாம், சுமை ஏறினால் இறங்கும். வயர் வெடித்திருந்தால் தூக்கி எறிந்துவிட்டு, அளவு பொருந்தும் புதிய அடாப்டரை வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் பாகம் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பிறகு பெட்டியைக் கழற்றி, உள்ளே கெப்பாசிட்டர் (சின்ன உருளை வடிவப் பாகம்) எதுவும் உப்பியிருக்கிறதா, கசிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிவி மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றுங்கள். சில ரூபாய்ப் பொருள். பலகையில் சில்லுகளுக்குப் பதில் கறுப்புத் தார் சொட்டு மாதிரி ஒன்றுதான் தெரிகிறது என்றால், மொத்த இயந்திரமும் அந்த ஒரே சொட்டுக்குள் இருக்கிறது. அது போனால் போனதுதான், பழுது பார்க்க முடியாது.

கேசட்டை ஊதாதீர்கள். எச்சில் ஈரம், கேசட்டின் அடியில் வரிசையாக இருக்கும் உலோகப் பற்களை அரிக்கும். ஊதியபின் வேலை செய்ததற்குக் காரணம், எடுத்து மறுபடி செருகியதுதான். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பற்களின் மேல் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்து, காயவிட்டுச் செருகுங்கள். ஜாய்ஸ்டிக் பட்டன் வேலை செய்யாவிட்டால் திறந்து, ரப்பருக்கு அடியில் உள்ள கறுப்புப் பொட்டையும் பலகையையும் அதே மாதிரி துடைத்தால் பாதி சரியாகிவிடும். மீதிப் பாதி, வயர் உள்ளே முறிந்திருக்கும், அடிப்பகுதியில்தான் முறியும்.

டிவிக்கு வருவோம். தமிழக அரசு 2006 முதல் கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி, இந்த விஷயத்தில் ஒரு புதையல். பல வீடுகளில் இன்னும் மூலையில் கிடக்கிறது, பழைய இரும்புக் கடையில் அற்ப விலைக்குப் போகிறது. ஏ.வி. துளைகள் இருக்கின்றனவா, படம் ஓரங்களில் நிறம் மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எடுங்கள். உங்கள் பெட்டியில் மஞ்சள் ஏ.வி. துளை இல்லாமல் ஆன்டெனா வயர் மட்டும் இருந்தால், டிவியில் தானாகச் சேனல் தேடவிட்டுப் பிடிக்க வேண்டும். டியூப் டிவியை மட்டும் நீங்களே திறக்கக் கூடாது. அணைத்து வைத்த பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

வாத்து சுடும் துப்பாக்கிக்கு டியூப் டிவிதான் கதி. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகும், அடுத்து வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தை அதே கணத்தில் பார்த்தாக வேண்டும். எல்.இ.டி. டிவி தாமதமாகக் காட்டுவதால் குறி எப்போதும் தவறும். எமுலேட்டரில் மவுஸை வைத்துச் சுடலாம். சுடலாம்தான், ஆனால் சிரிப்பு வராது.

வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் எதை வாங்குவது? இணையக் கடைகளில் எச்.டி.எம்.ஐ. குச்சியும் இரண்டு வயரில்லா ஜாய்ஸ்டிக்கும் சேர்த்து விற்கிறார்கள். வேண்டாம். அதற்குள் ஓடுவது எமுலேட்டர்தான், அதுவும் நீங்கள் இலவசமாக அமைத்ததைவிடச் சுமாராக. பழைய பொருள் விற்பவர்களிடம் தொண்ணூறுகளின் நகல் பெட்டியைத் தேடுங்கள். ஓட்டிக்காட்டச் சொல்லி வாங்குங்கள்.

நின்டெண்டோவின் அசலே வேண்டும் என்றால் 1993இல் வந்த ஏ.வி. ஃபேமிகாம் ஒன்றுதான் இங்கே வசதிப்படும். 1983 மாடலில் ஆன்டெனா வழி மட்டுமே, அதுவும் ஜப்பானிய அலைவரிசையில். ஜாய்ஸ்டிக் பெட்டியோடு ஒட்டியே இருக்கும். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் 230இல் செருகினால் புகைதான். ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டி.சி., மைனஸ் நடுவில். டிவியின் கலர் சிஸ்டம் மெனுவில் என்.டி.எஸ்.சி. இருக்கிறதா என்று முன்பே பாருங்கள், இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளைதான். உங்கள் பழைய கேசட் 60 பற்கள் கொண்டது, ஃபேமிகாமில் அப்படியே பொருந்தும், அமெரிக்க என்.இ.எஸ்.க்கு 72 பற்கள், இடையில் மாற்றி வேண்டும். கேசட் வேட்டைக்கு நேரமில்லை என்பவர்கள் எவர்டிரைவ் என்ற கேசட்டில் மெமரி கார்டைப் போட்டு ஆடுகிறார்கள். பழைய சில்லுகளின் சுற்றையே புதிய சில்லில் உருவாக்கும் மிஸ்டர் என்ற எஃப்.பி.ஜி.ஏ. திட்டமும் உண்டு, அருமையானது, ஆனால் அதற்கான பலகையின் விலையைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பெட்டி வந்துவிட்டால் பராமரிப்பு சொற்பம். ஆடி முடித்ததும் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஜாய்ஸ்டிக் வயரை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக மடித்து வையுங்கள். கேசட்டுகளை, செருப்பு டப்பாவில் வருமே அந்த ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போடுங்கள். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை பற்களைத் துடைத்துவிடுங்கள்.